கொட்டகைக்கு இழுத்த தண்ணீர் லைன்: எந்த அறிகுறிக்கு எங்கே பார்ப்பது

வீட்டுக் குழாயைத் திறந்தால் தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறது. அதே லைனிலிருந்து பிரித்துப் பின்னால் இருக்கும் கொட்டகைக்கோ பட்டறைக்கோ வெளிக் கழிவறைக்கோ இழுத்த குழாயில் மட்டும் நூல் மாதிரி வருகிறது. உடனே மண்வெட்டியைத் தேடுகிறோம். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஒன்றரை நாள் தோண்டினேன். கடைசியில் கோளாறு இருந்தது மண்ணுக்குள் அல்ல, வீட்டுச் சுவரோரம் இடுப்பு உயரத்தில் இருந்த 'நான் ரிட்டர்ன்' வால்வுக்குள், அதாவது தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் வால்வுக்குள். குழாயை ஹேக்ஸாவால் அறுத்தபோது உதிர்ந்த வெள்ளைச் சுருள்கள் அதற்குள் போய், சால்வெண்ட் பசையோடு சேர்ந்து கோலிக்குண்டு அளவுக்கு உருண்டு உட்கார்ந்திருந்தன. ஸ்பேனர் பிடித்துக் கழற்றி எடுக்க ஐந்து நிமிடம்தான் ஆனது.

அதனால் இதில் தோண்டுவது கடைசி வேலை.

முதலில் அளவு எடுங்கள்

தண்ணீரின் அழுத்தத்தைக் காட்டும் பிரஷர் கேஜ் ஒன்று வேண்டும். குழாய் வாயில் திருகிக்கொள்ளும் வகை போதும். மேல்தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் என்றால் 2 பார் (bar, அழுத்தத்தின் அலகு) வரைக்கும் காட்டும் சின்ன கேஜ் நல்லது. 10 பார் கேஜில் அரை பாரைப் படிப்பதற்குள் கண் வலித்துவிடும்.

எடுக்க வேண்டியவை இரண்டே அளவு. எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, தண்ணீர் நிற்கும்போது எவ்வளவு அழுத்தம். கொட்டகையில் ஒரு குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, தண்ணீர் ஓடும்போது எவ்வளவு. கொட்டகையில் ஒரே குழாய்தான் என்றால் ஒரு டீ (T வடிவ இணைப்பு) போட்டு, ஒரு பக்கம் கேஜ், மறு பக்கம் குழாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதையே லைன் கிளம்பும் வீட்டு முனையிலும் எடுக்க வேண்டும். அப்படியே ஒரு 10 லிட்டர் வாளி நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்றும் பாருங்கள். 40 விநாடி என்றால் நிமிடத்துக்கு 15 லிட்டர்.

ஒரு மீட்டர் உயரத் தண்ணீருக்கு ஏறக்குறைய 0.1 பார் அழுத்தம். தொட்டியின் தண்ணீர் மட்டம் குழாய்க்கு 6 மீட்டர் மேலே இருந்தால், தண்ணீர் நிற்கும்போது கேஜ் 0.6 பார் காட்ட வேண்டும். குழாய் எவ்வளவு ஒல்லி, எவ்வளவு நீளம் என்பதெல்லாம் இந்த எண்ணை அசைக்காது. அவை ஓடும்போது காட்டும் எண்ணைத்தான் குறைக்கும். இந்த ஒரு விஷயம் புரிந்தால் பாதிக் கோளாறுகளை உட்கார்ந்த இடத்திலேயே பிரித்துவிடலாம்.

நிற்கும்போது சரியான அளவு, ஓடும்போது சரிந்து விழுகிறது என்றால் வழியில் எங்கோ நெருக்கடி: அடைப்பு, பாதி மூடிய வால்வு, அல்லது குழாயே ஒல்லி. நிற்கும்போதே இரண்டு முனையிலும் குறைவு என்றால் வரத்திலேயே குறை, கொட்டகை லைனைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. மூன்றாவது வகைதான் சுவாரசியமானது. நிற்கும்போது வீட்டு முனையில் சரியாக இருக்கிறது, கொட்டகையில் உயர வித்தியாசத்துக்கு மேல் குறைகிறது. எல்லாம் மூடியிருக்கும்போது அழுத்தம் அப்படிக் குறையக் காரணமே இல்லை. ஒன்று, எங்கோ தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது, அதாவது கசிவு. இல்லாவிட்டால் குழாய்க்குள் காற்று மாட்டியிருக்கிறது.

உயர வித்தியாசத்தைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். தரை சமமாகத்தான் தெரியும். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும், தண்ணீர் நிரப்பிய டியூப் லெவலைப் பிடித்துப் பார்த்தால் முக்கால் மீட்டர் ஏற்றம் இருக்கும். மேல்தொட்டி லைனில் முக்கால் மீட்டர் என்பது சின்ன விஷயம் இல்லை.

ஒரு சொட்டுகூட வரவில்லை

புது லைன் என்றால் முதலில் நான் ரிட்டர்ன் வால்வின் மேல் இருக்கும் அம்புக்குறி. அது தண்ணீர் போகும் திசையைக் காட்ட வேண்டும். திருப்பி மாட்டுவது யாருக்கும் நடக்கும். சரி, அது ஒழுங்காக இருக்கிறது என்றால் கேட் வால்வு. பழைய கேட் வால்வில் கைப்பிடி சுற்றும், தண்டும் சுற்றும், உள்ளே தகடு மட்டும் கழன்று கீழே விழுந்து வழியை மூடிக்கொண்டிருக்கும். கைப்பிடி இறுக்கமே இல்லாமல் சுற்றிக்கொண்டே போனால் அதுதான். மாற்றும்போது, உள்ளே உருண்டை திரும்பித் திறக்கும் பால் வால்வு (ball valve) போட்டுவிடுங்கள்; கைப்பிடி குழாயின் திசையில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது, தூரத்திலிருந்தே தெரியும்.

நேற்றுவரை வந்து இன்று நின்ற லைன் என்றால் அந்தப் பக்கம் யார் என்ன தோண்டினார்கள் என்று கேளுங்கள்.

வருகிறது, ஆனால் நூல் மாதிரி

அதிகமாகக் கேட்கப்படும் புகார் இதுதான், தவறாகச் சரிசெய்யப்படுவதும் இதுதான். கேஜ் நிற்கும்போது சரியாகவும் ஓடும்போது குறைவாகவும் காட்டினால் கீழே உள்ளவற்றை இதே வரிசையில் பாருங்கள். காசும் உழைப்பும் குறைவாகக் கேட்பது முதலில் வருகிறது.

கொட்டகைக் குழாயின் வாயில் சல்லடை இருந்தால் கழற்றி, அது இல்லாமல் திறந்து பாருங்கள். புது லைனில் மணலும் பிளாஸ்டிக் தூளும் அங்கேதான் சேரும். அடுத்து, லைனில் உள்ள ஒவ்வொரு வால்வும் முழுசாகத் திறந்திருக்கிறதா. அதற்கடுத்து நான் ரிட்டர்ன் வால்வு. ஸ்பிரிங் வைத்த வகை திறக்கவே கொஞ்சம் அழுத்தம் கேட்கும். பம்ப் லைனில் அது தெரியாது. மேல்தொட்டியை நம்பிய லைனில் இருக்கிற கொஞ்சத்திலும் பங்கு கேட்கும். அங்கே மடல் மாதிரி ஆடும் வகையைப் போடலாம். என் கதையில் நடந்ததுபோல அதற்குள் குப்பை மாட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இத்தனையும் சரி என்றால் குழாயின் அளவு. 50 மீட்டர் தூரத்துக்கு நிமிடத்துக்கு 15 லிட்டர் வேண்டும் என்று வையுங்கள். உள்விட்டம் 15 மில்லிமீட்டர் இருக்கும் அரை இஞ்சு பிளாஸ்டிக் குழாயில் உராய்வுக்கே 8 மீட்டர் உயரம் போய்விடும். 20 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள முக்கால் இஞ்சில் 2 மீட்டர். 25 மில்லிமீட்டர் உள்ள ஒரு இஞ்சில் முக்கால் மீட்டருக்கும் கீழே. எல்போ, வால்வு எல்லாம் இதற்கு மேல். தொட்டி மட்டமே 6 மீட்டர்தான் என்றால் அரை இஞ்சு லைனில் 15 லிட்டர் வர வழியே இல்லை. என்ன தலைகீழாக நின்றாலும் பத்து, பன்னிரண்டு லிட்டரைத் தாண்டாது. விட்டம் இரு மடங்கானால் உராய்வு ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்காகக் குறைகிறது. மிச்சம் கிடந்த அரை இஞ்சுக் குழாயை வீணாக்க வேண்டாமே என்று இழுத்தவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

கொட்டகைக்குள் கடைசி இரண்டு மீட்டர் அரை இஞ்சாக இருப்பதால் பெரிய நஷ்டம் இல்லை. நீளமான ஓட்டம்தான் பெரிய குழாயாக இருக்க வேண்டும். வீட்டு முனையில் அரை இஞ்சு லைனிலிருந்து டீ எடுத்து, அதன் பிறகு ஒரு இஞ்சு போட்டிருந்தால், அந்த அரை இஞ்சு வீட்டுக்குள் எத்தனை மீட்டர் ஓடுகிறது என்பதையும் கணக்கில் சேருங்கள். வீட்டில் யாராவது குளிக்கும்போது மட்டும் கொட்டகையில் தண்ணீர் குறைகிறது என்றால் நெருக்கடி அந்தப் பொதுவான பகுதியில்தான். கொட்டகை லைனை மாற்றினால் எதுவும் மாறாது.

குழாயின் அளவு சரி, ஆனாலும் வரவில்லை என்றால் எங்கோ அடைப்பு. உராய்வு நீளம் முழுக்கச் சீராகத் தின்றுகொண்டு போகும். அடைப்பு ஒரே இடத்தில் மொத்தமாகத் தின்னும். ஆகவே வழியில் யூனியனோ (கழற்றி மாட்டக்கூடிய இணைப்பு) வால்வோ இருக்கும் இடத்தில் கேஜைப் போட்டு, தண்ணீரை ஓடவிட்டுப் படியுங்கள். எந்த இரண்டு இடத்துக்கு நடுவில் அழுத்தம் திடுக்கென்று விழுகிறதோ அந்தத் துண்டில்தான் இருக்கிறது.

திறந்ததும் நன்றாக வந்து பத்து விநாடியில் தளர்ந்துபோவது தனிக் கோளாறு இல்லை. குழாய்க்குள் எங்கோ சிக்கிய காற்று அழுத்தத்தில் சுருங்கி இருந்து, திறந்ததும் விரிந்து தண்ணீரைத் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் தீர்ந்ததும் நெருக்கடியின் உண்மையான முகம் தெரிகிறது.

துப்பித் துப்பி வருகிறது

காற்று. மேல்தொட்டி லைன்களில் இது பெரிய தொல்லை. குழாய் ஒரு மேட்டில் ஏறி இறங்கினால் அந்த உச்சியில் காற்று சேர்ந்து உட்கார்ந்துகொள்ளும். பம்ப் அழுத்தம் அதைத் தள்ளிவிடும். ஐந்தாறு மீட்டர் உயரத்துத் தண்ணீரால் சில சமயம் முடியாது. மேடுகள் இரண்டு, மூன்று என்றால் ஒவ்வொன்றும் தன் பங்கைப் பிடித்துக்கொள்ளும், கடைசியில் தண்ணீரே வராது.

இப்போதைக்கு விடுவிக்க: அழுத்தமுள்ள வேறு குழாயிலிருந்து ஒரு ஹோஸை எடுத்துக் கொட்டகைக் குழாயில் மாட்டி, தண்ணீரைப் பின்னோக்கித் தொட்டிக்குத் தள்ளுங்கள். நான் ரிட்டர்ன் வால்வு இருந்தால் அதைக் கழற்றிவிட்டுச் செய்ய வேண்டும். அந்த ஹோஸில் சுத்தமான தண்ணீர்தான் வர வேண்டும். நிரந்தரத் தீர்வு, மேட்டின் உச்சியில் ஏர் வால்வு வைப்பது. இல்லையென்றால் அங்கே ஒரு டீ போட்டு, தொட்டியின் மட்டத்துக்கு மேலே போகும்படி ஒல்லிக் குழாயை நிறுத்துவது. புதிதாகத் தோண்டப் போகிறவர்கள் குழாய் ஒரே சீராக ஏறும்படியோ இறங்கும்படியோ போட்டுவிட்டால் இந்தப் பாடே வேண்டாம்.

எப்போதும் நன்றாக வந்த லைன் புதிதாகத் துப்ப ஆரம்பித்தால் தொட்டியைப் பாருங்கள். தண்ணீர் மட்டம் வெளியேறும் வாய்வரை இறங்கியிருக்கும்.

யாரும் திறக்கவில்லை, மீட்டர் ஓடுகிறது

அல்லது நடு ராத்திரியில் பிரஷர் பம்ப் தானாக ஓடி நிற்கிறது. அல்லது தொட்டி காலையில் குறைந்திருக்கிறது. மூன்றும் ஒன்றுதான்: கசிவு.

வீட்டு முனை வால்வை மூடுங்கள். மீட்டர் நின்றால் கசிவு கொட்டகை லைனில். நிற்கவில்லை என்றால் வீட்டுக்குள். மீட்டர் இல்லையென்றால் தொட்டியின் உட்சுவரில் தண்ணீர் மட்டத்துக்கு நேராக ஒரு டேப் துண்டை ஒட்டி, நிரப்பும் பம்பை அணைத்துவிட்டு, ஒரு ராத்திரி வால்வை மூடியும், மறு ராத்திரி திறந்தும் பாருங்கள். அடுத்து வீட்டு முனை வால்வைத் திறந்துவிட்டு, கொட்டகை முனை வால்வை மூடுங்கள். மீட்டர் நின்றால் கசிவு கொட்டகைக்குள்ளேயே. கழிவறைத் தொட்டியின் மிதவை வால்வு ஓசையில்லாமல் ஓடிக்கொண்டிருப்பது மண்ணுக்குள் கசிவதைவிட அதிகம் நடக்கும். அதைப் பார்க்காமல் தோண்டியவர்கள் நிறையப் பேர்.

இரண்டு முனையும் மூடியிருக்க நடுவில் அழுத்தம் இறங்குகிறது என்றால் இப்போது மண்வெட்டிக்கு வேலை வந்துவிட்டது. ஆனால் ஈரம் தெரியும் இடத்தில் தோண்ட ஆரம்பிக்காதீர்கள். குழாய்க்கு அடியில் மணல் மெத்தை போட்டிருந்தால் அந்த மணல் ஒரு வாய்க்கால் மாதிரி வேலை செய்யும். கசிந்த தண்ணீர் பள்ளத்தோடு ஓடி, தாழ்ந்த இடத்தில் போய் மேலே வரும். ஈரம் பத்து மீட்டர் தள்ளியும் தெரியலாம். ஈரத்திலிருந்து மேட்டுப் பக்கமாக நடந்து, முதலில் வரும் இணைப்பைத் திறந்து பாருங்கள். நடுக்குழாய் அபூர்வமாகத்தான் உடையும். இணைப்பு, வண்டி ஏறும் இடம், மரவேர் பக்கம், இவைதான் வழக்கமான இடங்கள். இரும்புக் கம்பியைக் குழாயில் ஊன்றிக் காதை வைத்துக் கேட்கும் பழைய உத்தி இரும்புக் குழாயில் நன்றாக வேலை செய்யும். பிளாஸ்டிக் சத்தத்தை விழுங்கிவிடும், அதில் நம்ப வேண்டாம்.

நீளமான லைன் என்றால் நடுவில் திறந்து பாதியாகப் பிரியுங்கள். எந்தப் பாதி அழுத்தத்தைப் பிடித்து நிற்கவில்லையோ அதை மறுபடியும் பாதி. அந்த இடத்தில் ஒரு யூனியனும் வால்வும் வைத்து, மேலே ஒரு சேம்பர் கட்டிவிட்டால் அடுத்த தடவைக்கும் உதவும்.

சோதிக்கும்போது ஒரு எச்சரிக்கை. பிவிசி குழாயைக் கம்ப்ரெஸர் காற்றால் அடைத்துச் சோதிக்காதீர்கள். தண்ணீரால் நிரம்பிய குழாய் உடைந்தால் நனைவோம். காற்றால் நிரம்பியது உடைந்தால் துண்டுகள் பறக்கும். மெதுவாகத் தண்ணீரை நிரப்பி, மேட்டில் காற்றை வெளியேற்றி, வழக்கமான அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றிப் பாருங்கள்.

இணைப்பில் கசிவு நிற்கவே இல்லை

மூன்று தடவை ஒட்டியும் கசிகிறதா? பசையின் மேல் பசை தடவுவது வேலைக்கு ஆகாது. அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டு, இரண்டு முனைகளைச் சேர்க்கும் புது கப்ளர் போடுங்கள். முனை நேராக அறுபட வேண்டும், பிசிறை அரத்தால் தேய்த்துத் துடைக்க வேண்டும், ஈரம் இருக்கவே கூடாது. மூடிய வால்வு கொஞ்சம் விட்டுக்கொண்டிருந்தால்கூட சொட்டுச் சொட்டாக வந்து ஒட்டலைக் கெடுத்துவிடும். தள்ளும்போது கால் சுற்று திருப்பி, அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். விட்டால் குழாய் தானாகக் கொஞ்சம் வெளியே வரும், பலருக்கும் அது தெரிவதில்லை. முழு அழுத்தம் கொடுக்க ஒரு நாள் பொறுங்கள்.

எச்டிபிஇ (HDPE, வளையும் கறுப்பு பிளாஸ்டிக்) குழாயின் கம்ப்ரெஷன் ஃபிட்டிங், அதாவது நட்டு முறுக்கிப் பிடிக்கும் இணைப்பு, கசிந்தால் நட்டை இன்னும் முறுக்குவதால் எதுவும் ஆகாது. குழாய் உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தைத் தாண்டிப் போகவில்லை. கழற்றுங்கள், முனையைச் சாய்வாகச் சீவுங்கள், எவ்வளவு உள்ளே போக வேண்டும் என்று குழாயின்மேல் பேனாவால் கோடு போடுங்கள், அந்தக் கோடு மறையும்வரை தள்ளுங்கள்.

மரை இணைப்பில், பிளாஸ்டிக் உள்மரைக்குள் இரும்பு வெளிமரையை முறுக்கியிருந்தால் அது ஆப்பு அடித்ததுபோலப் பிளந்திருக்கும். பித்தளை மரை பதித்த ஃபிட்டிங் போடுங்கள்.

தரைக்கு மேல் வெயிலில் ஓடும் லைனில் இணைப்புகள் திரும்பத் திரும்பப் பிடுங்கிக்கொண்டால் காரணம் வெப்பம். 50 மீட்டர் பிவிசி குழாய் 20 டிகிரி வித்தியாசத்துக்கு ஏறக்குறைய 7 சென்டிமீட்டர் நீளும், சுருங்கும். எச்டிபிஇ அதைப்போல மூன்று மடங்கு. கிட்டார் கம்பி மாதிரி இழுத்துக் கட்டாமல், பாம்பு நெளிவாகப் போடுங்கள். பிவிசி வெயிலில் நாளாக நாளாக நொறுங்கும் தன்மைக்கு வரும். தண்ணீரில் கரையும் வகை வெளிர் பெயிண்ட் அடித்தால் தாங்கும். கறுப்பு எச்டிபிஇ-க்கு அந்தக் கவலை இல்லை.

மூடினால் டம் என்று இடிக்கிறது

ஓடிக்கொண்டிருந்த நீளமான தண்ணீர்த் தூண் சட்டென்று நிற்பதால் வரும் அடி. லைன் நீளமாக நீளமாக இது கூடும். விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் போகும் தண்ணீர் திடீரென்று நின்றால் இரும்புக் குழாயில் 10 பாருக்கு மேல் ஒரு கணம் எகிறும். பிளாஸ்டிக்கில் குறைவு, ஆனாலும் இணைப்புகளுக்கு அது போதும். கால் சுற்றில் மூடும் குழாய்தான் காரணம் என்றால் மெதுவாக மூடப் பழகுங்கள். வாஷிங் மெஷினின் வால்வு என்றால் அதற்குப் பக்கத்திலேயே அந்த அடியை வாங்கிக்கொள்ளும் வாட்டர் ஹேமர் அரெஸ்டர் ஒன்றைப் பொருத்துங்கள். தொட்டி நிறையும் நேரத்தில் டப் டப் என்று தொடர்ந்து இடித்தால் மிதவை அலையில் ஆடுகிறது. தண்ணீர் விழும் வாயைத் தண்ணீருக்குள் இறக்கினால் அடங்கும் என்று சிலர் செய்வார்கள். செய்யாதீர்கள், காரணம் அடுத்ததில் இருக்கிறது. மிதவைக்கு முன்னால் ஒரு தடுப்புத் தகடு வைத்தால் போதும்.

சூடு, நாற்றம், நிறம்

ஒரு இஞ்சு லைன் 50 மீட்டருக்கு உள்ளே கிட்டத்தட்ட 25 லிட்டர் பிடிக்கும். வாரம் ஒரு தடவை திறக்கும் கொட்டகையில் முதல் இரண்டரை வாளி, போன வாரத்துத் தண்ணீர். ஆழம் இல்லாமல் புதைத்திருந்தால் சூடாகவும் இருக்கும். லெஜியோனெல்லா பாக்டீரியாவுக்கு 20 முதல் 45 டிகிரி வரை பிடித்த சூடு; அங்கே ஷவர் இருந்தால் முதலில் ஷவர் தலையைக் கழற்றிவிட்டு ஓடவிடுங்கள், தூவலை மூச்சில் இழுக்க வேண்டாம்.

இதைவிடப் பெரிய ஆபத்து வீட்டுக் குழாயில் கொட்டகை நாற்றம் வருவது. ஹோஸின் முனை மருந்து கலக்கும் வாளியிலோ மாட்டுத் தொட்டியிலோ மூழ்கிக் கிடக்கிறது, அந்த நேரத்தில் மெயின் வற்றுகிறது அல்லது வீட்டில் தாழ்வான குழாயை யாரோ திறக்கிறார்கள். வாளியில் இருப்பது வீட்டுக்குள் உறிஞ்சப்படும். நான் ரிட்டர்ன் வால்வில் ஒரு மணல் மாட்டினாலே அது மூடாது, அதை மட்டும் நம்பக் கூடாது. குழாய் வாய்க்கும் தொட்டியின் விளிம்புக்கும் நடுவில் காற்று இடைவெளி இருக்க வேண்டும், குழாய் வாயின் விட்டத்தைப் போலக் குறைந்தது இரு மடங்கு. நாற்றம் ஏற்கெனவே வந்துவிட்டது என்றால் குடிப்பதை நிறுத்தி, கொட்டகை லைனைத் துண்டித்துவிட்டு, வீட்டு லைனை அலசுங்கள். வாளியில் இருந்தது பூச்சிமருந்து என்றால் அலசினால் மட்டும் போதாது. தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுத்து, நல்லது என்று வந்த பிறகே வாயில் வையுங்கள்.

குளிரில் நின்றுவிட்டது

உறையும் இடங்களுக்கு மட்டும். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பெருக்கும். உருக்கும்போது குழாயைத் திறந்துவைத்து, அந்தக் குழாய்ப் பக்கத்திலிருந்து ஆரம்பித்து வெந்நீர்த் துணியால் சுற்றிக்கொண்டு போங்கள். நெருப்பு காட்டாதீர்கள். உருகிய பிறகுதான் விரிசல் தெரியும், அதுவரை வால்வு பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். குழாய் மண்ணுக்குள் இருந்து சுவருக்குள் ஏறும் அந்த ஒரு முழம்தான் பெரும்பாலும் உறையும் இடம்.

தொட்டால் சுர்ரென்கிறது

இது தண்ணீர் வேலை இல்லை. கொட்டகையின் மின்சாரத்தை மெயினில் அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், அதுவரை அந்தக் குழாயை யாரும் தொட வேண்டாம். பழைய இரும்பு லைனை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் போட்ட பிறகு இது ஆரம்பித்ததா என்று அவரிடம் சொல்லுங்கள். அந்த இரும்புக் குழாய்தான் கொட்டகைக்கு எர்த்தாக இருந்திருக்கலாம்.

மண் மூடும் முன்

சரிசெய்த இணைப்பை ஒரு நாளாவது திறந்தே வைத்து, அழுத்தத்தில் விட்டுப் பாருங்கள். பிறகு கல் இல்லாத மண்ணால் முதலில் மூடி, குழாய்க்கு ஒரு சாண் மேலே எச்சரிக்கை டேப்பை விரித்து, மிச்சத்தை நிரப்புங்கள். மூடுவதற்கு முன் அளவு டேப்பைப் பக்கத்தில் நீட்டிவைத்து ஒரு போட்டோ, சுவர் மூலையிலிருந்து எத்தனை மீட்டர் என்று தெரியும்படி. கடைசியாக ஒரு தடவை கேஜை மாட்டி இரண்டு அளவையும் எடுத்து, வால்வுக்கு மேலே சுவரில் தேதியோடு எழுதிவையுங்கள். என் கொட்டகைச் சுவரில் பென்சிலில் "நின்றால் 0.6, ஓடினால் 0.4" என்று இருக்கிறது. போன மாதம் ஓடும்போது 0.25 காட்டியது. நேராகப் போய் நான் ரிட்டர்ன் வால்வைக் கழற்றினேன்.